கார் கதவில் ஸ்பீக்கர்: ஃபைபருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் ஸ்டீரியோ கடைகளுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் இப்போது ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்பதில்லை. செல்போனை நீட்டி ஒரு கதவின் படத்தைக் காட்டுகிறார்கள். கதவின் கீழ்ப்பாதி முழுக்கப் புடைத்து, அதில் மூன்று ஸ்பீக்கர்கள் வரிசையாகப் பதிந்து, மேலே கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய ஃபைபர் வேலை. "இதே மாதிரி வேணும்ணே." இப்போது கேட்கும் பாட்டில் என்ன குறை தம்பி என்று கேட்டால் பதில் வருவதில்லை. கூடவே அப்பா வந்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். கதவைத் தொடாதே, வாரண்டி போய்விடும், ஷோரூமில் போட்டுத் தரும் செட்டே போதும் என்று அவர் முடித்துவிடுவார். பிள்ளை படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறான், அப்பா பயத்தில் முடிவெடுக்கிறார். கதவுக்குள் என்ன நடக்கிறது என்று இருவரும் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டியை எழுதத் தோன்றியது அதனால்தான்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை ஓடவிடுங்கள். குரல் கேட்கும். பேஸ் கிடார் இருக்காது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இருக்காது. அதே ஸ்பீக்கரை, அதன் அளவுக்கு ஓட்டை போட்ட பெரிய பிளைவுட் பலகையில் இறுக்கிப் பாருங்கள். காணாமல் போனதெல்லாம் வந்துவிடும். ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் இழுக்கிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு நீண்ட அலைக்கு முன்னாலிருந்து பின்னால் சுற்றிப் போகும் ஒரு சாண் தூரம் பொருட்டே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கார் கதவில் அந்தப் பலகையின் வேலையைச் செய்ய வேண்டியது உள் தகடு. ஆனால் கண்ணாடி ஏற்றும் மோட்டாரையும் லாக்கையும் பொருத்துவதற்காகப் பெரும்பாலான கார்களில் அந்தத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் மட்டுமே. முன்னையும் பின்னையும் எதைக் கொண்டு பிரிக்கப் போகிறோம், ஸ்பீக்கரை எதில் இறுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் மற்ற எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கம்பெனி ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே நல்லதாக ஒன்றைப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி, பெரும்பாலோருக்குப் போதுமான வழியும் அதுதான். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு ரிங் வேண்டும். எம்டிஎஃப்பில் வெட்டிய ரிங்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். அது அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறும்படிதான் கதவே செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஈரத்தில் எம்டிஎஃப் ஊதி, ஸ்க்ரூவின் பிடி விட்டுப்போகும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளையில் வெட்டுங்கள், அல்லது கெட்டியான எச்டிபிஇ ரிங் வாங்குங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள். வயரை வெட்டாமல் உங்கள் காருக்குரிய கப்ளரை வாங்கிச் செருகினால் அப்பாவின் வாரண்டி பயத்துக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அதோடு டேம்பிங், அதாவது தகட்டின் அதிர்வை அடக்கும் வேலை. வெளித் தகட்டின் உட்புறத்தில் பியூட்டைல் ஷீட் ஒட்டி, உள் தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். பெரிய ஓட்டைகளுக்கு ஏசிபி ஷீட்டை அளவாக வெட்டி ஸ்க்ரூ போட்டு, அதன் மேல் பியூட்டைல் ஒட்டினால் தட்டும்போது 'டங்' என்ற கதவு 'டப்' என்று சொல்லும். மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட் நம் வெயிலுக்கு ஆகாது. இளகி நாறும், சில இடங்களில் கழன்றே விழும். வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கதவு அடியிலிருந்து துருப்பிடித்துவிடும். இன்னொன்று முக்கியம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் பிரஷர் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென ஏறுவதை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். அப்படிப்பட்ட காரில் ஓட்டையை மூடுவதையோ புதிதாகப் போடுவதையோ சர்வீஸ் சென்டரில் கேட்காமல் செய்யக் கூடாது.

சில மாடல்களுக்கு ஸ்பீக்கரைப் பதிக்கும் ரெடிமேட் கூடு, அதாவது பாட் கிடைக்கிறது. கதவின் தகட்டோடு போல்ட் போட இடமிருந்தால் வாங்கலாம். கதவின் உட்புற பிளாஸ்டிக் உறையான டோர் பேடின் மேல் மட்டும் ஒட்டுகிற மாதிரி இருந்தால் வேண்டாம்.

இனி எல்லோரும் கேட்கும் முழு ஃபைபர் கதவு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் பணமும் காரும் அதிகம் வீணாகின்றன.

டோர் பேட் கதவோடு சேர்ந்திருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் கிளிப்புகளாலும் நாலைந்து ஸ்க்ரூக்களாலும்தான். கையை ஊன்றவும் கதவை இழுத்துச் சாத்தவும் அது போதும். அதன் மேல் மூன்று ஸ்பீக்கர்களை ஏற்றினால், கோன் முன்னால் போகும்போதெல்லாம் மொத்தப் பேடும் பின்னால் நகரும். ஒலியாக வர வேண்டிய சக்தி பேடை ஆட்டுவதில் கரையும், கொஞ்ச நாளில் கிளிப்புகள் தளர்ந்து கடகடக்கும். பேடுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள வெற்றிடம் வழியாகப் பின்பக்க ஒலி முன்னால் கசியும். பலகைச் சோதனையில் பலகை இல்லாதபோது என்ன ஆனதோ அதுவே இங்கும் ஆகிறது. மேலும், மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே குரலைப் பாடினால், உங்கள் காதுக்கு மூன்று தூரங்களிலிருந்து மூன்று முறை வந்து சேரும் அந்தக் குரல் கலங்கிவிடும். சத்தம் கூடியிருக்கும், சொல் தெளிவிருக்காது. அவற்றை ஓட்ட ஸ்டீரியோ போதாது என்பது தனிக் கதை. பெட்டியில் 4 x 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் சக்தி பொதுவாக 20 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். நல்ல ஆம்ப் வாங்க வேண்டிய பணம் ஃபைபரில் போய்விடுகிறது.

அடுத்தது பொருளின் சிக்கல். உங்கள் டோர் பேடைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், எந்தப் பிளாஸ்டிக் என்று சுருக்கெழுத்தில் பதித்திருக்கும். பல கார்களில் அது பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். பாலியெஸ்டர் ரெசின் அதில் ஒழுங்காக ஒட்டாது. கடையிலிருந்து எடுக்கும் அன்று கண்ணாடி மாதிரி இருக்கும் வேலை, ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் ஃபைபரும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பில் பட்டி வெடித்துக் கோடு போட்டுவிடும். வெயிலில் நின்ற காருக்குள் ஏறும் சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதுதான் காரணம். அவசர வேலையில் ரெசின் முழுதாக இறுகாமல் போயிருந்தால் ஸ்டைரீன் வாடை வாரக்கணக்கில் வண்டிக்குள் நிற்கும், குழந்தைகள் ஏறும் வண்டியில். மேப் பாக்கெட் போய்விடும், முட்டி இடிக்கும், சீட்டோடு உரசும். மோதலின்போது இடுப்பருகே கொஞ்சம் நசுங்கிக்கொடுக்க வேண்டிய இடத்தில் கடினமான ஓடு ஒன்றை வைக்கிறோம் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை.

செய்கிறவனுக்கு உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவர்கள் சிலர் இதை புராஜெக்டாகவே எடுக்கிறார்கள். நம் ஊரில் ரெசின் வாங்கினால் இறுகலைத் தூண்டும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் தனித்தனி பாட்டில்களில் தருவார்கள். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகுதான் ஹார்டனரை ஊற்ற வேண்டும். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஹார்டனர் ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் அந்த அளவுக்கே டப்பாவுக்குள் சூடேறிக் கட்டியாகிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். துணி முகக்கவசம் ஸ்டைரீனைத் தடுக்காது, கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் வெறுங்கையோடு இதைச் செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஃபைபரே கூடாதென்று நான் சொல்லவில்லை. நான் அந்த வேலையைக் கற்றதே படகு கட்டும் பட்டறையில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் நிறைந்தபோது கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினைத் தடவி, ரோலரால் காற்றுக் குமிழை விரட்டும் கைகளுக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதைப் பார்த்தவன். அந்தப் பட்டறைப் பழக்கம் இல்லாதவர் செய்த கதவு வேலையை இன்றும் என் மனம் முழுதாக நம்புவதில்லை. பழைய அம்பாசிடர் மாதிரி, கதவில் ஸ்பீக்கருக்கென்று இடமே இல்லாத வண்டிக்கு ஃபைபர் நியாயமானது. போட்டிக்கென்றே தயாராகும் வண்டிக்கும் சரி. அங்கேகூட சுமை தாங்க வேண்டியது ஃபைபர் இல்லை. மரைன் பிளை ரிங்கை உள் தகட்டோடு போல்ட் போட்டு நிறுத்தி, அதிலிருந்து டோர் பேட் வரை உள்ள இடைவெளியை மட்டும் ஃபைபரால் மூட வேண்டும். ஃபிளீஸ் துணியை இழுத்துக் கட்டி ரெசின் குடிக்கவிட்டு, உட்புறம் இரண்டு மூன்று அடுக்கு மேட் போட்டால் ஓடு உறுதியாகும். ஸ்பீக்கர் பேடைத் தொடவே கூடாது, தகட்டில்தான் உட்கார வேண்டும். ஒரு கதவில் ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, பக்கக் கண்ணாடி பொருத்தும் முக்கோணத்தில் ட்வீட்டர் ஒன்று. இதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. முன்கண்ணாடித் தூணில் ட்வீட்டர் வைக்க ஆசைப்படுகிறவர்கள், அந்தத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

இந்த வேலைக்குக் கையும் காதும் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். உங்களிடம் எது இருக்கிறதென்று கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை ஒரே வளைவை அலுக்காமல் தேய்க்க முடிகிறதா? வலது கதவில் செய்ததை இடது கதவில் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிச் செய்ய முடிகிறதா? அப்படியென்றால் உங்களுக்குக் கை இருக்கிறது. கரூரின் பேருந்து பாடி கட்டும் பட்டறைகளிலும் காசிமேட்டுப் படகுகளிலும் அந்தக் கைக்கு வேலை இருக்கிறது, பெற்றோர் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எண்பதுகளின் இளையராஜா பாடல் ஒன்றைக் கேட்டு, பேஸ் கிடார் எங்கே தனியாக நடக்கிறது, எங்கே கதவின் அதிர்வு அதில் கலக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் உங்களுக்குக் காது இருக்கிறது. அது டியூனிங் வேலைக்கான முதல். எதுவும் ஒரு மாதத்தில் வராது. நண்பன் வண்டியில் இருக்கிறது என்பதற்காக வாங்கியது எதுவும் உங்கள் திறமையைக் காட்டப் போவதில்லை. அப்பாமார்களும் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள்.

என் யோசனை இதுதான். முதலில் உள் தகட்டை மூடி, மரைன் பிளை ரிங்கில் நல்ல ஆறரை அங்குல காம்பொனென்ட் செட் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது) ஒன்றைப் போட்டு, சின்ன ஆம்ப் ஒன்றோடு மூன்று மாதம் கேளுங்கள். அதன் பிறகும் ஃபைபர் வேண்டுமென்று தோன்றினால், சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் உங்கள் மாடலுக்குப் பழைய டோர் பேட் ஜோடி ஒன்றைத் தேடி வாங்கி அதில் செய்யுங்கள். காரோடு வந்த பேடைத் துணியில் சுற்றி வீட்டில் பத்திரமாக வைத்துவிடுங்கள், வண்டியை விற்கும் நாளில் அது தேவைப்படும்.