வர்ணத்துக்கு அடியில் ஒளிந்திருந்த குறை

இருபது வருஷங்களாக லாரி ஓட்டிவரும் எனக்கு, பிரயாணத்தில் மனம் சோர்ந்துவிடாமல் காத்துவந்த உற்ற துணை வானொலி. ஆகையால், புதிதாகப் பாடி கட்டி முடித்த வண்டியை நாமக்கல்லிலிருந்து முசிறி வழியாகச் செலுத்திக்கொண்டு, 1939 முதல் ஒலித்துவரும் திருச்சி நிலையத்தை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்த மாலையில், செய்தி வாசிப்பவரின் குரலை மூடிக்கொண்டு ஒரு ரீங்காரம் எழுந்ததும், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறிக்கொண்டே போனதும் எனக்குப் பெரும் மனக்கிலேசத்தை உண்டாக்கின.

ரேடியோவை மாற்றினேன், பிறகு ஏரியலையும் மாற்றினேன், ரீங்காரம் மாறவில்லை. அதன்பின்தான் நிதானமாக யோசித்தேன். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆதலால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சப்தம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்தே புறப்பட வேண்டும். ரேடியோவின் பின்புறம் செருகியிருந்த ஏரியல் பிளக்கை உருவினேன்; ரீங்காரம் நின்றது. உருவிய பிறகும் அது நீடித்திருந்தால் பாட்டரி வயர் வழியாக வருகிறதென்று கொண்டிருப்பேன். நின்றுபோனதால், ஏரியல் வழியாகவே நுழைகிறதென்பது நிச்சயமாயிற்று.

ஏரியலின் அடிப்பாகத்து நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆயினும், எஞ்சினை ஓடவிட்டு, ஒரு துண்டு வயரின் ஒரு முனையை அதில் அழுத்தி, மறுமுனையைக் கேபினுக்குள் வர்ணம் சுரண்டிய ஓரிடத்தில் வைக்கும்படி கிளீனரிடம் சொன்னேன். வைத்த கணமே, "அண்ணே, சத்தம் நின்னுபோச்சு!" என்று அவன் கூவினான். நட்டைக் கழற்றிப் பார்த்தால், வாஷருக்கு அடியில் கனமான பெயிண்ட். இரும்பை இரும்பு தொடவே இல்லை.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மேலே நிமிர்ந்து நிற்கும் கம்பி ஏரியலின் ஒரு பாதிதான். கேபினின் தகடு மறு பாதி. ஏரியல் வயரின் நடுக்கம்பி நிகழ்ச்சியைக் கொண்டுவர, அதைச் சூழ்ந்த வலையுறை அடிப்பாகத்தில் தகட்டோடு சேர்ந்திருந்தால், வழியில் தொற்றும் மின்கலக்கம் பாடியிலேயே இறங்கிவிடும். சேராவிட்டால், அந்த உறையே கலக்கத்தைச் சுமந்து ரேடியோவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நட்டு உட்காரும் இடத்தை, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு, வெள்ளையாகப் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல்வாஷர் வைத்து முடுக்கி, மழைநீர் புகாதபடி வெளிப்புறத்தில் கிரீஸ் பூசினேன். மீட்டரின் ஒரு முனையை ஏரியல் அடியிலும் மறுமுனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் வைத்தபோது, முன்பு 14 ஓம் காட்டியது, இப்போது ஓர் ஓமுக்கும் கீழே இறங்கிற்று. இதை அளக்கும்போது ஏரியல் பிளக்கை ரேடியோவிலிருந்து அவசியம் உருவிவிட வேண்டும். இல்லையேல் ரேடியோவின் சொந்த எர்த் வழியாகச் சுற்று பூர்த்தியாகி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் மீட்டர் காட்டிவிடும். முதல் நாள் இதை அறியாமல் அளந்ததனால்தான் குறை என் கண்ணுக்குத் தப்பிற்று.

இன்னொரு விசேஷமும் உண்டு. கேபின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் இடையே தொடர்பு பலவீனமாயிருக்கக்கூடும். பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னல் செம்புப் பட்டை ஒன்றை, கேபின் ஆட்டத்துக்கு வேண்டிய தளர்ச்சியை மட்டும் விட்டு, இயன்றவரை குட்டையாக இரண்டுக்கும் இடையே பூட்டினேன். நீளமான உருண்டை வயர் மீட்டரில் பூஜ்யம் காட்டினாலும், வானொலி அலைகளின் வேகமான அதிர்வுக்கு அது அவ்வளவு சுலபமான வழியன்று.

இத்தனைக்குப் பிறகும் சிறு கரகரப்பு மிஞ்சினால், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். எதை அணைத்ததும் ஓய்கிறதோ, அதுவே மூலம். துரு ஓயாமல் வேலை செய்வதால், மழைக்காலம் முடிந்ததும் இணைப்புகளைக் கழற்றித் துடைத்து மறுபடி முடுக்குவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க விடும்போது, ஏரியல் அடியில் அந்த ஒரு ரூபாய் அகலத்தை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பட்டறையிலிருந்து திரும்புகிறேன்.