இணைய ஏலமும் ஊர்க்கடையும்

வாணிகம் என்பது கொள்வோனும் கொடுப்போனும் ஒரு விலையில் உடன்படுதலேயாம். அவ்வுடன்பாடு நிகழும் முறை இருவகைப்படும். விற்போன் முன்னரே விலையைக் குறித்துப் பண்டத்தைப் பரப்பிவைத்து, வருவோர்க்கெல்லாம் அவ்விலைக்கே கொடுப்பது ஒன்று, இது கடை. பண்டத்தை நடுவே வைத்து, அதனை விரும்புவோர் ஒருவரையொருவர் விஞ்சிக் கேட்க, மிகுதியாகக் கேட்டவர்க்குக் கொடுப்பது மற்றொன்று; இஃது ஏலம். போர்த்துக்கேசிய மொழியினின்று வந்து நம் வழக்கில் நிலைத்துவிட்ட இச்சொல்லை அறியாதார் நம்மிடை இலர். நாளும் வேண்டப்படும் பண்டத்திற்குக் கடை ஏற்றது. விலை இன்னதென்று எளிதில் துணிய இயலாத பண்டத்திற்கு ஏலம் ஏற்றது.

இவ்விரண்டையும் ஒன்றாக்க இயலுமா? இணையத்தில் உலகளாவிய ஏலச்சந்தையாய் வளர்ந்த ஒன்று, ஒரு தெருவில் கதவும் பெயர்ப்பலகையும் உடைய கடையாய் நின்று பிழைக்குமா? இவ்வினா வெறுங்கற்பனையன்று. அமெரிக்க நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதலாகப் பலர் தம் கைப்பொருளை இட்டு இதனைச் சோதித்துப் பார்த்தனர். அச்சோதனையின் போக்கையும் பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இணைய ஏலத்தின் வலிமை யாதென அறிதல் வேண்டும். 1995-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கலிபோர்னியாவிலுள்ள சான் ஓசே நகரில் பியேர் ஓமிட்யார் என்பார் ஓர் ஏலத்தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே என்னும் பெயர் பெற்றது. அதில் முதன்முதல் விற்ற பண்டம் பழுதுற்ற லேசர்ச் சுட்டுகோல் ஒன்று, விலை 14.83 டாலர். உடைந்த பொருளென்று தெரிந்தே வாங்கினீரோ என ஓமிட்யார் வினவ, தாம் உடைந்த சுட்டுகோல்களைத் திரட்டுபவர் என்று வாங்கியவர் விடை பகர்ந்தாராம். சிறு செய்தியாயினும் இது பெரியதோர் உண்மையைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஓர் ஊரில் அத்தகையார் ஒருவரேனும் இருப்பது அரிது. பல ஊர்களிலும் நாடுகளிலும் சிதறிக்கிடக்கும் அவர்களை ஒரே இடத்திற் கூட்டியதே இணையத்தின் செயல்.

மேலும், ஏலத்தில் விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்லர். அவருக்கு அடுத்த நிலையில் நின்று தோற்றவரே யாவர். ஈபே முறையில், வாங்க விரும்புவோர் தாம் கொடுக்கத் துணிந்த உச்ச விலையை மறைவாகக் குறித்து வைக்கலாம். இரண்டாமவர் குறித்த விலைக்குச் சிறிதளவே மேலாகத் தொகை உயர்ந்து, வென்றவர் அதனையே செலுத்துவார். இத்தகைய ஏலத்தின் இயல்பை வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் 1961-இலேயே ஆராய்ந்து எழுதினார். 1996-இல் நோபெல் பரிசும் பெற்றார். எனவே, ஒரு பண்டத்தை விரும்புவார் ஒருவரே இருப்பின் ஏலம் பயன்படாது, இருவராயினும் வேண்டும், பலராயின் நன்று. ஊர்க்கடையின் நான்கு சுவர்களுக்குள் அவ்விருவரும் ஒரே நாளில் வந்து கூடுவர் என்று எதிர்பார்த்தல் இயலாது.

இனி, வலிமையோடு ஒரு குறையும் உண்டு. இணையத்தில் விற்போன் பண்டத்தைத் துடைத்துப் படமெடுத்தல் வேண்டும்; அதன் குணமும் குற்றமும் எழுதல் வேண்டும்; வினாவுவார்க்கு விடையிறுத்தல் வேண்டும்; விற்றபின் உடையாமற் கட்டி அனுப்புதல் வேண்டும். முகமறியாதார் தன்னை நம்புமாறு நற்பெயரும் ஈட்டல் வேண்டும். இதன்பொருட்டே வாங்குவோரும் விற்போரும் ஒருவரைப்பற்றி ஒருவர் கருத்துரைக்கும் முறையை ஈபே 1996-இல் ஏற்படுத்தியது. ஒரே ஒரு பழைய கைக்கடிகாரத்தை விற்க விரும்பும் முதியவர் இவையனைத்தையும் கற்றுச் செய்வாரோ? செய்யார். இவ்விடைவெளியிலேதான் கடை முளைத்தது.

2003-இல் கலிபோர்னியாவில் ஆக்ஷன்டிராப், ஐசோல்டுஇட் முதலிய நிலையங்கள் தோன்றின. மக்கள் தம் வீட்டில் வேண்டாத பண்டத்தைக் கொணர்ந்து கடையில் ஒப்படைத்தால் போதும். கடைக்காரர் படமெடுத்து, எழுதி, ஈபேயில் ஏலம் விட்டு, வாங்கியவருக்கு அனுப்பி, தம் தரகைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை உரியவருக்குக் கொடுப்பார். ஐசோல்டுஇட் தன் பெயரையும் முறையையும் பிறர் கட்டணஞ் செலுத்திப் பயன்படுத்தும் உரிமையை விற்றது. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் அப்பெயரைத் தாங்கி நின்றன. ஆக்ஷன்டிராப் 2004-இல் யு.பி.எஸ். கடைகளோடு உடன்படிக்கை செய்து, ஆயிரக்கணக்கான இடங்களில் பண்டங்களைப் பெற்றுத் தன் நடுக்கிடங்கிற்கு வருவித்தது. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படத்தின் கதாநாயகி நடத்துவதும் இத்தகைய கடையே என்றால், இவ்வழக்கம் எத்துணை விரைவிற் பரவிற்று என்பது விளங்கும்.

ஆயினும் அக்கடைகளுட் பெரும்பாலன நிலைத்து நிற்கவில்லை. காரணத்தைக் கணக்கினாற் காண்போம். 40 டாலருக்கு விற்கும் பண்டம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். தரகு மூன்றில் ஒரு பங்கு எனின் ஏறத்தாழ 13 டாலர். அதில் ஏலத்தளத்திற்கும் பணம் செலுத்தும் நிலையத்திற்கும் 4 டாலர் போக எஞ்சுவது 9. படமெடுத்தல் முதல் கட்டியனுப்புதல் ஈறாக முக்கால்மணி நேர உழைப்பு வேண்டும்; மணிக்கு 10 டாலர் கூலியெனின் 7.50 அதற்கே செல்லும். மிச்சம் 1.50. கடை வாடகை திங்களுக்கு 3,000 டாலராயின், அதனை மட்டும் ஈடுசெய்யவே திங்கள்தோறும் 2,000 பண்டங்கள் விற்றாக வேண்டும். அதற்கு 1,500 மணிநேர உழைப்பு, அஃதாவது ஒன்பதுபேருக்கு மேற்பட்ட பணியாளர் வேண்டும். பண்டம் 400 டாலர் பெறுமாயின் நிலை மாறும்; உழைப்பு அதே முக்கால்மணி, எஞ்சுவதோ ஏறத்தாழ 85 டாலர்; 36 பண்டங்களிலேயே வாடகை தீர்ந்துவிடும். ஆனால் மக்கள் மூட்டை கட்டிக் கொணர்வது பெரும்பாலும் 400 டாலர்ப் பண்டமன்று. பரணிற் கிடந்த பழம்பொருளே. அரும்பொருள் உடையாரோ அதற்கென்றே உள்ள வணிகரைத் தேடிச் செல்வர்.

சவர்க்காரம் விற்கும் கடைக்காரன் ஒரு கட்டியின் குணத்தை அறிந்தால் ஆயிரம் கட்டிகளின் குணத்தையும் அறிந்தவனாவான். ஏலக்கடைக்காரனுக்கோ வரும் பொருள் ஒவ்வொன்றும் புதிய பாடம். இன்று புகைப்படப்பெட்டி, நாளை பீங்கான் கிண்ணம், மறுநாள் வயலின். முன்னதில் ஈட்டிய அறிவு பின்னதற்கு உதவாது. பொருள் மிகுந்தோறும் செலவு குறைவதே பெருவாணிகத்தின் இலாபம். அவ்விலாபம் இங்குக் கிட்டவில்லை.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்றுண்டு. பெருந்தெருவில் வாடகை மிகுதி. அதனைக் கடைக்காரர் விரும்பிச் செலுத்துவது வாங்குவோர் அவ்வழியே நடப்பதனாலன்றோ? இக்கடையிலோ வாங்குவோர் உட்புகுவதேயில்லை; அவர் எங்கோ தொலைவில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். வருபவர் ஒப்படைப்பவரே. அவரும் வீட்டை ஒருமுறை ஒழித்தபின் அடுத்த வாரமே திரும்ப வரமாட்டார். அரிசிக்கடைக்கு ஒரு குடும்பம் ஆண்டு முழுதும் வரும். இக்கடைக்கு ஆண்டிற்கு ஒருமுறை வந்தால் மிகுதி. ஆகவே, கடையின் செலவனைத்தையும் ஏற்றுக்கொண்டு, கடையின் பயனிற் பாதியை இழந்து நின்றது இவ்வாணிகம்.

காலமும் துணை செய்யவில்லை. 2007-இல் ஐபோன் வெளிவந்தது. 2008-இல் ஈபே அதற்கெனத் தன் செயலியை வெளியிட்டது. நாளடைவில் படமெடுத்தலும் எழுதலும் கையிலுள்ள தொலைபேசியிலேயே இயல்வதாயின. 2000-இலேயே ஈபேயிற் புகுந்த குறித்த விலை விற்பனையும் ஆண்டுதோறும் வளர்ந்து ஏலத்தைப் பின்தள்ளிற்று. கடைக்காரர் விற்ற உழைப்பு மலிவாயிற்று. அவர் செலுத்திய வாடகை மலிவாகவில்லை. வாழ்நாட் சேமிப்பை இட்டுக் கிளைக்கடை எடுத்தவர்க்கு இஃது ஏட்டுக் கணக்கன்று, குடும்பத்தின் பிழைப்பாகும்.

ஏலவீட்டையே விலைக்கு வாங்கிப் பார்த்த வரலாறும் உண்டு. 1865-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய பட்டர்ஃபீல்டு என்னும் பழைய ஏலவீட்டை ஈபே 1999-இல் 26 கோடி டாலர் மதிப்பிற்கு வாங்கியது. 2002-இல் அதனைப் பானம்ஸ் என்னும் நிலையத்திற்கு விற்றுவிட்டது. ஏலவீடு, ஓவியத்தையும் அணிகலனையும் நேரிற் கண்டு மதிப்பிடும் வல்லுநரின் கண்ணை முதலாகக் கொண்டது. இணையச்சந்தையோ எப்பண்டத்தையும் தொடாது இருவரையும் இணைத்துக் கட்டணம் பெறுவது. ஒன்றன் இயல்பு மற்றொன்றிற்குப் பொருந்துதல் எளிதன்று.

அங்ஙனமாயின், இரண்டும் கூடவே கூடாவோ எனின், கூடும். கூடிய இடங்களும் உள. பாஸ்டன் நகரில் 1902-இல் எட்கார் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்டுத் திருச்சபைப் போதகர் தொடங்கிய குட்வில் என்னும் அறநிலையம், செல்வர் வீடுகளினின்று பழம்பொருள்களைப் பெற்று, ஏழைகளைக்கொண்டு செப்பனிட்டு விற்றது. அந்நிலையத்தின் கலிபோர்னியக் கிளையொன்று 1999-இல் இணைய ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கிற்று. பிற கிளைகளும் அதிற் சேர்ந்தன. அஃது இன்றும் நடைபெறுகின்றது. இது வென்றதன் காரணம் வெளிப்படை. பண்டம் நன்கொடையாக வருகின்றது. தரம் பிரிக்கும் பணி ஏலத்திற்கு முன்னரே நடைபெறுகின்றது. பொதுப் பண்டம் கடையிலேயே ஊராருக்கு விற்கின்றது. அரிய பண்டம் மட்டுமே ஏலத்திற்குச் செல்கின்றது. கடை தன் வாடகையைத் தானே ஈட்டிக்கொள்ள, ஏலம் மேல்வரவாகின்றது.

இங்கிலாந்தில் 2013-இல் ஈபே, ஆர்கோஸ் என்னும் கடைத்தொகுதியுடன் உடன்படிக்கை செய்து, இணையத்தில் வாங்கிய பொருளை வாங்கியவர் அக்கடைகளிற் பெற்றுக்கொள்ள வழிவகுத்தது. அடுத்த ஆண்டில் அவ்வேற்பாடு விரிந்தது. இங்கும் கடை முன்னரே உள்ளது. பொதியைக் கைமாற்றும் எளிய பணியே அதற்குப் புதிது. யு.பி.எஸ். கடைகளும் அங்ஙனமே பண்டத்தை வாங்கிவைத்தன அல்லவோ எனின், வைத்தன. ஆயினும் படமெடுத்து எழுதும் பெருஞ்செலவு நடுக்கிடங்கில் அப்படியே எஞ்சி நின்றது. வேற்றுமை ஈண்டுளது.

உயர்ந்த விலையுள்ள ஆடையணிகளை உரியவரிடமிருந்து பெற்று இணையத்தில் விற்கும் ரியல்ரியல் என்னும் நிலையம் 2017-இல் நியூயார்க்கில் நிலையான கடை திறந்தது. இதனை எதிர்ச்சான்றாகக் காட்டுவாரும் உளர். ஆனால் அஃது ஏலமன்று. குறித்த விலைக் கடையே. பண்டமும் விலையுயர்ந்தது; வாங்குவோரும் நேரில் வந்து தொட்டுப் பார்த்து வாங்குகின்றனர். ஆகவே அச்சான்று நம் கருத்தை மறுப்பதன்று, வலியுறுத்துவதேயாம்.

இவற்றால் பெறப்படுவது யாது? இணைய ஏலம் கடைவேடம் பூண்டு தெருவிற்கு வந்தபோது தளர்ந்தது; முன்னரே வேரூன்றிய கடை ஏலத்தைத் துணைக்கருவியாகக் கொண்டபோது வளர்ந்தது. ஏலத்திற்கு உயிர் கூட்டம். அதனைத் தருவது உலகு. கடைக்கு உயிர் திரும்பத்திரும்ப வரும் முகம். அதனைத் தருவது ஊர். உலகு தரும் விலையைக்கொண்டு ஊர் கேட்கும் வாடகையைச் செலுத்த முயல்வோன், நடுவிலுள்ள உழைப்பின் கூலியை முதலிற் கணக்கிடல் வேண்டும்.

நம் மாணவருட் பலர் கல்லூரி நீங்கியபின் வாணிகத்திற் புகுவர். புதிய முறையொன்றில் பொருளிட அழைப்பாரும் அவர்களை நாடி வருவர். அந்நாளில், இம்முறை புதியதோ என்று வினவுவதினும், வருபவர் மீண்டும் வருவரோ, ஒவ்வொரு பண்டத்திற்கும் ஆகும் உழைப்பு எவ்வளவு, இழப்பு நேரின் அதனைத் தாங்குவார் யார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பாராயின், அமெரிக்கத் தெருக்களில் மூடப்பட்ட அக்கடைகள் நமக்கும் ஒரு பாடம் தந்தனவாகும்.