கீச் என்பது ஒரு சத்தம், கரகர என்பது வேறு சத்தம்

முத்துசாமி ஒரு லாரி ஓட்டுநர். ஊர் நாமக்கல். செல்வம் அவருடைய கிளீனர். லாரியில் ஜவ்வரிசி மூட்டைகள். போக வேண்டிய ஊர் மகாராஷ்டிராவில் உள்ள நாகபுரி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசிக்கு அங்கே நல்ல கிராக்கி. விரத நாட்களில் அங்குள்ளவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள்.

நாமக்கல்லிலிருந்து நாகபுரி சுமார் 1,300 கிலோமீட்டர். 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகலாம். பழைய ஓட்டுநர்கள் இதை இன்னும் 7 ஆம் எண் சாலை என்றுதான் சொல்வார்கள். எண் மாறியது 2010 இல். இருவரும் பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத் எல்லாம் தாண்டிவிட்டார்கள். பென்கங்கா ஆற்றையும் கடந்தார்கள். மகாராஷ்டிரா வந்துவிட்டது. ஒரு தாபாவில் வண்டியை நிறுத்திப் படுத்தார்கள்.

விடிகாலையில் நல்ல பனி. முத்துசாமி வண்டியைக் கிளப்பினார். "கீ...ச்" என்று சத்தம் வந்தது. தாபாவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"ஏனுங்கண்ணா, ஃபேன் பெல்ட்டுல சோப்புத் தேச்சா நின்னுருமில்ல?" என்று கேட்டான் செல்வம்.

"சத்தம் நிக்கும் தம்பி. கோளாறு அப்படியேதான் இருக்கும். நான் ஒருக்கா அப்படிச் செஞ்சுதான் கெட்டேன். சோப்புப் போட்டதும் சத்தம் நின்னுது. சந்தோசமா ஓட்டிட்டுப் போனேன். 200 கிலோமீட்டர் தாண்டுனதும் தண்ணி பம்ப்போட பேரிங் உடைஞ்சுது. ஃபேன் முன்னால சாஞ்சு ரேடியேட்டரைக் கிழிச்சுப் போட்டுது. மூணு நாள் ரோட்டுலயே கிடந்தேன்."

ஃபேன் பெல்ட் என்ன வேலை செய்கிறது? இன்ஜினின் முன்னால் ஒரு பெரிய புல்லி சுற்றும். பெல்ட் அதன் சுழற்சியை வாங்கி மற்ற புல்லிகளைச் சுற்ற வைக்கிறது. ஒன்று தண்ணீர் பம்ப். இது இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓட்டிச் சூட்டைத் தணிக்கிறது. பழைய லாரிகள் பலவற்றில் ஃபேனும் இந்தப் பம்பின் தண்டிலேயே மாட்டியிருக்கும். இன்னொன்று டைனமோ. இது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. புத்தகங்களில் இதை ஆல்டர்னேட்டர் என்று எழுதியிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். வெப்பமானி முள் ஏறும். அப்போது உடனே ஓரம் கட்ட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? இரவில் விளக்குப் போட்டதாலும், வண்டியைக் கிளப்பியதாலும் பேட்டரி இறங்கியிருக்கும். அதை ஏற்ற டைனமோ அதிகம் உழைக்கிறது. அதனால் அதன் புல்லியைச் சுற்றுவது கடினமாகிறது. அந்தப் புல்லி சிறியது. பெல்ட்டுக்கு அங்கே பிடிமானம் குறைவு. பெல்ட் தளர்ந்திருந்தால் வழுக்கும். வழுக்கும்போது கீச்சிடும்.

முத்துசாமி ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எட்டி நின்று, பெல்ட்டின் உள்பக்கம் படும்படி கொஞ்சம் தெளித்தார். துண்டையும் லுங்கியையும் முன்பே இறுக்கிக் கட்டியிருந்தார். ஓடும் பெல்ட்டின் அருகே கை போகக் கூடாது. தொங்கும் துணி எதுவும் போகக் கூடாது.

சத்தம் இன்னும் பெரிதானது.

"அப்படின்னா பெல்ட் லூசு" என்றார். "தண்ணி பட்டதும் சத்தம் நின்னு, கொஞ்சம் கழிச்சுத் திரும்ப வந்தா வேற கோளாறு. புல்லிக ஒரே நேரா இல்லைன்னு அர்த்தம். தண்ணி ஊத்தியும் சத்தம் மாறவே இல்லைன்னா பேரிங்கைச் சந்தேகப்படணும்."

இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. சுமார் அரை அங்குலம்தான் போக வேண்டும். டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். லிவர் கொடுத்து டைனமோவை வெளிப்பக்கம் நெம்பினார்கள். பெல்ட் விறைத்ததும் போல்ட்டை முடுக்கினார்கள். செல்வம் இன்னும் இழுக்கப் பார்த்தான். முத்துசாமி தடுத்தார். பெல்ட் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் பேரிங் மேல் விழும். லூசான பெல்ட் கத்தும். இறுகிய பெல்ட் கத்தாமலே பேரிங்கைத் தின்றுவிடும்.

பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, உள்ளே வெடிப்பு இருந்தாலோ முடுக்கிப் பயனில்லை. பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். இப்போது வரும் பல வண்டிகளில் அகலமான ஒரே பெல்ட் இருக்கும். அதை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஓர் உறுப்பும் இருக்கும். அதைக் கையால் முடுக்க முடியாது.

மறுபடி கிளப்பினார்கள். கீச் சத்தம் இல்லை. முத்துசாமி ஏறி உட்கார்ந்தார். செல்வம் மட்டும் முன்னால் நின்றுகொண்டே இருந்தான்.

"அண்ணா, அடியில இன்னொரு சத்தம் கேக்குதுங்க. கரகரன்னு."

"நாகபுரிக்கு இன்னும் 150 கிலோமீட்டருதான். போயிப் பாத்துக்கலாம், ஏறு."

"அன்னைக்கும் இப்படித்தானுங்கண்ணா போயிருப்பீங்க."

முத்துசாமி பேசாமல் இறங்கினார். இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினார்கள். டைனமோ புல்லியைக் கையால் சுற்றினார்கள். வழவழவென்று சுற்றியது. ஃபேனைச் சுற்றினார்கள். மணல் அரைபடுவது போலக் கை விரலுக்குத் தெரிந்தது. ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆடியது. நல்ல பேரிங் ஆடாது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை. அதிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் வழிந்த கோடு.

உள்ளே சீல் போய்விட்டது. பேரிங்கும் தேய்ந்துவிட்டது. இந்தப் பேரிங் பெரும்பாலும் மூடியபடியே வரும். கிரீஸ் வைத்துச் சரி செய்ய முடியாது. பம்பையே மாற்ற வேண்டும். வண்டியை நகர்த்தினால் பழைய கதைதான்.

செல்வம் பாண்டர்கவடா ஊருக்குப் பஸ் ஏறினான். அவனுக்கு மராத்தி தெரியாது. ஹிந்தியும் நான்கு சொல்தான். ஆனால் நோட்டில் பம்பின் மேல் இருந்த எண்ணை எழுதி வைத்திருந்தான். பெல்ட்டின் முதுகில் இருந்த எழுத்தையும் எண்ணையும் பார்த்து எழுதியிருந்தான். இரவுப் பள்ளியில் எழுதப் படித்து ஒரு வருடம்தான் ஆகிறது. கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்தார். செல்வம் நோட்டைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தான். கடைசி எண் 8. பெட்டியில் 6. பெட்டியைத் தள்ளி வைத்து, நோட்டைக் காட்டினான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறு பெட்டியை எடுத்தார்.

மெக்கானிக் ஒருவர் கூட வந்தார். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரை இறக்கிப் புதுப் பம்பை மாட்டினார். புதுப் பெல்ட்டும் போட்டார். புதுப் பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். அதனால் நாகபுரி போனதும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொன்னார்.

சரக்கு ஒரு நாள் தாமதம். வாடகையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். மூட்டை இறங்கும்போதே செல்வம் முன்பக்கம் போய்ப் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தான். அரை அங்குலத்துக்கு மேல் போனது. ஸ்பேனர் எடுக்கப் போனான்.

கலந்து பேசுங்கள்: தண்ணீர் தெளித்தபோது சத்தம் நின்று திரும்ப வந்தால் எங்கே பார்க்க வேண்டும்? உங்கள் ஊர் மாவு மில்லில் அல்லது பம்ப்செட்டில் பெல்ட் உண்டா? அதன் மேல் என்ன எண் இருக்கிறது? எந்திரத்தை நிறுத்திய பிறகு, எழுதி வாருங்கள்.