அறிவின் அடையா வாயில்

ஆராய்ச்சி அறிஞர் தாம் கண்ட உண்மைகளைக் கட்டுரையாக வரைந்து ஆய்விதழ்களுக்கு விடுப்பர். துறைவல்லார் அவற்றைப் படித்துக் குறைநிறை கூறுவர். பெரும்பாலும் இரு திறத்தார்க்கும் இதழ் ஊதியம் அளிப்பதில்லை. ஆயினும் அவ்விதழ்கள் பல பெருவிலைக்கு விற்கப்பட்டன. பொருள் குறைந்த கல்லூரிகள் அவற்றைப் பெற இயலாது வருந்தின.

கணினி தானே கற்கும் முறைகளை ஆராய்வது இயந்திரக் கற்றல் என்னும் துறை. அத்துறைக்கென ‘மெஷின் லேர்னிங்’ என்னும் புகழ்மிக்க இதழ் இருந்தது. 2001-ஆம் ஆண்டில் அதன் ஆசிரியர் குழுவினர் 40 பேர் ஒருங்கே பதவி துறந்தனர். இணையத்தின் வழியே எங்கும் எளிதிற் பரவக்கூடிய அறிவைப் பூட்டி வைத்து விலை கூறுதல் ஆராய்ச்சிக்கு ஊறு விளைக்கும் என்பது அவர்தம் கருத்து.

அதற்கு முன்னரே, 2000-ஆம் ஆண்டில், லெஸ்லி கேல்பிளிங் என்னும் அம்மையார் புதிய இதழொன்றைத் தோற்றுவித்திருந்தார். அதனை எவரும் இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். கட்டுரையின் உரிமையும் எழுதியவரிடமே நிற்கும். பதவி துறந்தோர் அதற்குத் துணை நின்றனர். ஆய்வாளரின் உயர்வு இதழின் பெயரைச் சார்ந்திருக்கும் உலகில், பழம்புகழ் வாய்ந்ததை விடுத்துப் புதியதை நாடுதல் எளிதன்று. எனினும் அவர்கள் அஞ்சினாரல்லர். இன்று அப்புதிய இதழ் அத்துறையின் தலைசிறந்த இதழ்களுள் ஒன்றாகத் திகழ்கின்றது.

கற்றோர் ஒருமனப்பட்டால் பூட்டிய கதவும் திறக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.