எட்டு ஊசியில் ஒரு தமிழ் எழுத்து

கடைகளில் கறகறவென்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் நினைவகத்தில் பெரும்பாலும் ஆங்கில எழுத்து வடிவங்களே இருக்கும். ஆனால் அது தாளில் குத்துவது வெறும் புள்ளிகளைத்தான். எந்தப் புள்ளி எங்கே விழவேண்டும் என்று எண்ணால் சொல்லிவிட்டால், நம் தமிழும் அதில் அச்சாகும். எப்சான் முறையில் இயங்கும் 9 ஊசி பிரிண்டருக்கான வழியைப் பார்ப்போம்.

பிரிண்டரின் தலையில் ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. படம் அச்சிடும்போது மேலுள்ள 8 ஊசிகளையே பயன்படுத்துவோம். மேலிருந்து அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒரு நெட்டு வரிசையில் எந்த ஊசிகள் குத்தவேண்டுமோ, அவற்றின் மதிப்புகளைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைக்கும்.

ஒரு கட்டத்தாளில் 'ட்' என்று வரையுங்கள்:

○○○○●○○○
○○○○○○○○
●○○○○○○○
●○○○○○○○
●○○○○○○○
●○○○○○○○
●○○○○○○○
●●●●●●●●

மேலே இரண்டு கட்டங்களை ஏன் விட்டோம்? புள்ளி வைக்கத்தான். ஆங்கிலத்தைப் போல எழுத்தை உச்சிவரை நிரப்பிவிட்டால் மெய்யெழுத்துக்கு இடமிராது.

முதல் வரிசை: 32+16+8+4+2+1=63. ஐந்தாவது வரிசை: 128+1=129. மற்றவை 1. இனி பிரிண்டருக்கு அனுப்பவேண்டியது:

27 75 8 0 63 1 1 1 129 1 1 1

27, 75 இரண்டும் 'இனி வருவது படம்' என்னும் கட்டளை. அடுத்த 8, 0 ஆகியவை வரிசைகளின் எண்ணிக்கை. 255க்கு மேல் போனால், 256ஆல் வகுத்து மீதியை முதலிலும் ஈவை அடுத்தும் எழுதவேண்டும். 300 வரிசைக்கு 44, 1.

எண்ணிக்கையில் கவனம் தேவை. 8 என்று சொல்லிவிட்டு 7 எண்களை அனுப்பினால், அடுத்து வரும் எழுத்தின் குறியீட்டையும் புள்ளியாக எண்ணி அடித்துவிடும்.

பழைய பேசிக் மொழியில் இவற்றை எல்பிரிண்ட் ஆணையால் அனுப்பலாம். இன்றைய பைத்தான் மொழியிலும் முடியும். ஆனால் பிரிண்டர் டிரைவர் இவற்றை எழுத்தாக மாற்றிவிடாமல், எண்கள் அப்படியே போய்ச் சேரவேண்டும்.

'கி', 'டூ' போன்றவற்றுக்கு உயரம் போதாவிட்டால், எழுத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு ஓட்டமாக அடிக்கலாம். அதற்குமுன் 27 65 8 அனுப்புங்கள். வரி இடைவெளி 72இல் 8 பங்கு அங்குலமாகி, இரு பாதிகளும் ஒட்டிக்கொள்ளும். முடிந்தபின் 27 64 அனுப்பினால் பிரிண்டர் பழைய நிலைக்குத் திரும்பும்.

பயிற்சி: 'ப' என்பதற்கு 63 1 1 1 1 1 1 63. எழுத்துகளுக்கிடையே இரண்டு 0 இடுங்கள். 'ம்' மட்டும் நீங்களே வரைந்து 'பட்டம்' என்று அச்சிட்டுப் பாருங்கள். பள்ளியில் தமிழ் கற்க வழியில்லாத நம் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று பார்த்தால்தான் எண் கிடைக்கும். அதற்குள் எழுத்தும் மனத்தில் பதிந்துவிடும்.