நம்பிக்கைகளும் உண்மைகளும்: புது வீட்டுக் குளியலறையில் தேங்கும் நீர்

ஆனி மாதம் பிறந்து சாரல் விழத் தொடங்கியதும், குற்றாலத்துப் பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி எழுந்து, கீழே நிற்கும் ஜனங்களின் தலைமேல் இறங்கி, ஒரு கணமும் தங்காமல் சிற்றாறாக ஓடிவிடுகிற காட்சியைப் பார்த்தே வளர்ந்த தென்காசி வட்டாரத்தார், தாம் புதிதாகக் கட்டும் வீட்டிலும் தலைக்கு மேல் அகலமான ஷவர் ஒன்று வேண்டுமென்று ஆசைப்படுவது இயல்பே. ஆனால் கிரகப்பிரவேசம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய சில நாட்களிலேயே, நுரையும் அழுக்குமாகக் குளியல் நீர் பாதம் மூழ்கத் தேங்கி, மெல்ல மெல்ல வடிகிற சங்கடம் பல வீடுகளில் தலைகாட்டுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களும் பரிகாரங்களும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவையாயினும், அவற்றுள் பல உண்மைக்குப் புறம்பானவை. அவற்றை நம்பிப் பொருளையும் சில சமயம் தேக சுகத்தையும் இழப்பவர்கள் உண்டாதலால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

நம்பிக்கை: அடைப்பு என்பது பழைய வீட்டின் வியாதி, புதுக் குழாயில் அது வராது.

உண்மை: பழைய வீட்டில் பல வருஷங்கள் சேர்ந்து அடைப்பது, புது வீட்டில் கட்டுமான காலத்திலேயே அடைத்துவிடக் கூடும். டைல்ஸ் பதித்து இடுக்குகளைப் பூசிய பின் தரையைக் கழுவிவிடும் சிமெண்டுப் பால், வெட்டிய டைல்ஸின் தூள், சுவரிலிருந்து சுரண்டிய பட்டி, எல்லாம் குளியலறைத் தரையில் நீர் வடியும் அந்த ஒரே துவாரத்தின் வழியாகத்தான் இறங்குகின்றன. வளைவில் தங்கும் சிமெண்டு அங்கேயே இறுகிக் கல்லாகிவிடுகிறது. வேலை நடக்கையில் குப்பை விழாதிருக்கக் குழாயின் வாயில் திணித்த சாக்குத் துண்டையோ பாலிதீன் தாளையோ எடுக்க மறந்து, அதன்மேலேயே துவாரத்தை மூடும் துளைத்தட்டான ஜாலியைப் பொருத்திவிடுவதும் அபூர்வமல்ல.

நம்பிக்கை: தரையில் நீர் நின்றால் அது குழாய் அடைப்பேயன்றி வேறில்லை, தண்ணீர்தான் பள்ளத்தைத் தானே தேடிப் போகுமே.

உண்மை: ஜாலியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாளி நீரைத் துவாரத்துக்குள்ளேயே நேராகச் சரித்துப் பாருங்கள். நீர் தடையின்றி மடமடவென்று இறங்கிவிட்டால் அருகிலுள்ள குழாயில் பெரிய தோஷமில்லை. ஜாலியிலோ தரையிலோதான் குறை. சாதாரண ஷவரிலேயே நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் நீர் விழுகிறது. அகலமான ஷவரில் அது இன்னும் மிகுதி. அழகுக்காக ஊசிக் கண் போன்ற துளைகளை வைத்த ஜாலி அவ்வளவு நீரை வாங்கிக்கொள்வதில்லை. இதற்கு ஜாலியை மாற்றினாலே போதும்.

ஜாலியும் சரியாயிருந்தால், கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் தரைச் சரிவைப் பரீட்சிக்க வேண்டும். அருவி நீருக்கு மலையின் உயரமே விசை. குளியலறை நீருக்கோ அடிக்குக் கால் அங்குலம் என்ற அந்தச் சிறு சரிவே விசை. 5 அடி தூரத்தில் ஒன்றேகால் அங்குல இறக்கம் இருக்கிறதா என்பதை ரசமட்டத்தை வைத்து நொடியில் கண்டுகொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி காசி விசுவநாதர் ஆலயத்தைப் போன்ற கோயில்களில், அபிஷேக ஜலம் கருவறையில் தேங்காமல் கோமுகி வழியே வெளியேறும்படி கல்லிலேயே வாட்டம் வைத்த ஸ்தபதிகளின் மரபு வழங்கும் ஊரில், டைல்ஸில் வாட்டம் வைப்பது கைவராத வித்தையல்ல. அதற்கு வேண்டியது கவனம் ஒன்றே. தவறிப் போயிருந்தால், ஷவர் விழும் பகுதியின் டைல்ஸை மட்டும் பெயர்த்து, மீண்டும் வாட்டம் வைத்துப் பதிப்பதைத் தவிர வேறு உபாயமில்லை.

நம்பிக்கை: ஆசிட் ஊற்றினால் எந்த அடைப்பும் கரைந்துவிடும்; இல்லாவிட்டால் காஸ்டிக் சோடாவும் கொதிநீரும் போதும்.

உண்மை: இந்த யோசனையே எல்லாவற்றிலும் விபரீதமானது. சாக்கும் பாலிதீனும் ஆசிட்டில் கரைவதில்லை. இறுகிய சிமெண்டின் மேற்பரப்பை அது சிறிது அரிக்குமென்றாலும், உள்ளே சென்று வழிதிறப்பதற்கு முன், டைல்ஸ் இடுக்கின் பூச்சையும் ஜாலியின் உலோகத்தையும் அரித்து, செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் மாய்க்கிறது. முன்பே பிளீச்சிங் பவுடர் போட்ட துவாரத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறுத்த குளியலறையில் அது பிராணாபாயம். காஸ்டிக் சோடா சிமெண்டைத் தொடுவதே இல்லை. அது நீரில் கலக்கையில் பிறக்கும் உஷ்ணமும், ஊற்றுகிற கொதிநீரும் பி.வி.சி. குழாயை இளக்கி, இணைப்புகளை நெகிழச் செய்பவை. கையுறை அணிந்து துவாரத்திலுள்ளதை வெளியே எடுப்பதும், ஸ்பிரிங் கம்பியை விட்டு நிதானமாகச் சுழற்றுவதுமே முறை. அதற்கும் அசையாதது கல்லான சிமெண்டுதான். அந்த வளைவை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும்.

நம்பிக்கை: துவாரத்துக்கு அடியிலுள்ள நானி ட்ராப்தான் நீரைத் தடுக்கிறது, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

உண்மை: நானி ட்ராப்பில் எப்போதும் நிற்கும் சுமார் 2 அங்குல நீர், சாக்கடையின் துர்நாற்றமும் விஷ வாயுவும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறிவராமல் காக்கும் காவல். உள்ளிருக்கும் கிண்ணத்தைத் தூக்கி, முடியையும் வண்டலையும் அகற்றி, மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். வாளி நீர் இறங்கும்போது களக் களக்கென்று சப்தம் எழுந்தால், காற்றுக் குழாய் வைக்கப்படவில்லையோ, வைத்தும் அதன் வாய் மூடியபடியே விடப்பட்டதோ என்று மாடியில் போய்ப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: எண்ணெயும் சீயக்காயும் இயற்கைப் பொருள்கள், அவற்றால் குழாய்க்குக் கெடுதலில்லை.

உண்மை: எண்ணெய் ஸ்நானம் தேகத்துக்கு இதம் தருவதில் சந்தேகமில்லை. ஆனால் குழாயின் உட்சுவரில் எண்ணெய் பிசுக்காக ஒட்டிக்கொள்ள, அதில் சீயக்காய்த் தூளும் அரப்பும் படிந்து, உதிர்ந்த முடி அவற்றையெல்லாம் சுருட்டித் திரியாக்கிவிடுகிறது. கட்டுமானத் தூள் முன்பே தங்கிய புதுக் குழாயில் இது இன்னும் விரைவில் நிகழும். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்துவதை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடைசெய்திருப்பதை எல்லோரும் அறிவர். ஓடும் அருவிக்கே ஆகாதது, குறுகிய குழாய்க்கு எவ்விதம் ஆகும்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட வேண்டியதில்லை. ஜாலிக்கு அடியில் சிறு வலை ஒன்றை வைத்து, குளித்தவுடன் அதிலுள்ளதை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டால் போதும்.

நம்பிக்கை: மழைக்காலத்தில் நீர் மெதுவாக வடிந்தால், குளியலறையை உடைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மை: உடைப்பதற்கு முன் மற்றத் துவாரங்களையும் பாருங்கள். ஒரு குளியலறை மட்டும் மந்தமாயிருந்தால் குறை அதனுள்ளே இருக்கிறது. வீடு முழுவதுமே மந்தமாயிருந்தால் குறை வெளியே. மழையில் மண் ஊறி, உறிஞ்சுகுழி மேற்கொண்டு நீரை ஏற்காமற்போயிருக்கலாம். அல்லது புதிதாக நிரப்பிய மண் தாழ்ந்து, அதில் புதைத்த குழாய் வாட்டம் கெட்டுத் தொய்ந்திருக்கலாம். இவற்றை வாசலுக்கு வெளியே தோண்டித்தான் திருத்த முடியும்.

வீடு கட்டுவோருக்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். புது வீட்டில் தேங்கும் நீர் விதியின் செயலுமல்ல, குளிப்பவரின் குற்றமுமல்ல. பெரும்பாலும் அது வேலையில் நேர்ந்த குறை, வேலை செய்தவரே திருத்தித் தர வேண்டிய குறை. ஆகவே டைல்ஸ் பதிக்கும் முன் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கி வாட்டத்தைப் பாருங்கள். பதித்து முடிந்ததும் ஒவ்வொரு துவாரத்திலும் வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை அந்தப் பரீட்சைக்குப் பிறகே கொடுங்கள்.