புழுவெட்டும் ரத்தப் பரிசோதனையும்

கேள்வி: என் 14 வயது மகளுக்குத் தலையில் இரண்டு இடங்களில் வட்டமாக முடி கொட்டிவிட்டது. புழுவெட்டு என்கிறார் டாக்டர். ஆனால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். அப்படியானால் இது நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறு இல்லைதானே?

பதில்: அப்படி முடிவுகட்ட முடியாதம்மா. இவ்விரண்டும் உடல் முழுவதையும் பாதிக்கும் அழற்சியைக் காட்டுபவை. சி.ஆர்.பி. கல்லீரலில் சுரக்கும் புரதம். நிமோனியா, முடக்குவாதம் போன்றவற்றில் எகிறும். புழுவெட்டிலோ தாக்குதல் முடியின் வேர்க்காலோடு நின்றுவிடும். அங்கே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ‘டி’ செல்கள் தேனீக்கள்போல மொய்த்தாலும், ரத்தத்தில் இவ்விரண்டின் அளவு ஏறாமலே இருக்கலாம்.

இந்நோயை உறுதிசெய்ய டாக்டரின் கண்ணும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பும் பெரும்பாலும் போதும். திட்டின் ஓரத்தில் நுனி தடித்து, அடி மெலிந்த குட்டை முடிகள் தெரிந்தால் நோய் இன்னும் தீவிரமாக இருக்கிறது என்று பொருள்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியது தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். இந்நோயுள்ள சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரும். இ.எஸ்.ஆரை மாதாமாதம் எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

வேர்க்கால் அழிவதில்லை என்பதால் முடி மீண்டும் வளரும் வாய்ப்பு உண்டு. சிறு திட்டுகள் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகின்றன. தோல் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு கிரீமை விடாமல் தடவுங்கள். புருவத்திலும் முடி கொட்டினால் உடனே அவரிடம் காட்டுங்கள்.